ஒற்றைக் காலில் அண்ணி

சிகிச்சை அறையின் ஜன்னல் வழியே காலை வெயில் இறங்கி, எழுபது கடந்த அண்ணியின் வெறுங்கால்களில் விழுந்திருக்கிறது. ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்றுவிட்டால், சுவரோரம் சாய்ந்திருக்கும் புதுக் கைத்தடி கடைக்கே திரும்பிப் போய்விடும். இரண்டு முறை தள்ளாடித் தோற்றாயிற்று. பிசியோதெரபிப் பெண் ஸ்டாப்வாட்சை உயர்த்துகிறாள். "கடைசித் தடவைம்மா. சுவத்துல இருக்கற புள்ளியையே பாருங்க." அண்ணி இடுப்பில் கைவைத்து, மூச்சை இழுத்து, வலது காலைத் தூக்குகிறாள். கணுக்கால் வெடவெடக்கிறது. விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்தபடி நாத்தனார் பின்னால் நிற்கிறாள்; வாய் மட்டும் சும்மா இல்லை. "கல்யாணத்தன்னைக்கே எங்கண்ணன் மேல தடுக்கி விழுந்தவங்கதானே நீங்க!" "யாருடி விழுந்தா? உங்கண்ணன்தான் என் காலை மிதிச்சாரு! மிதிச்சுட்டு, என்னையே முறைச்சாரு!" குரல் ஏற ஏற அண்ணியின் முதுகு நிமிர்கிறது. நடுக்கம் போன இடம் தெரியவில்லை. ஸ்டாப்வாட்ச் கூவுகிறது. "காலைக் கீழ வைங்கம்மா, ஜெயிச்சுட்டீங்க!" புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல், தூக்கிய காலையும் இறக்காமல் அண்ணி சொல்கிறாள்: "கொஞ்சம் இரும்மா, இவளுக்குப் பதில் சொல்லி முடிச்சிடறேன்."