நாற்பத்து மூன்று தடவை

"ஒரு நிமிஷச் செய்தி. அதை ஒரே வாரத்துல நாப்பத்து மூணு தடவை கேட்டிருக்காங்க. இதை நான் நம்பணும், இல்ல?"

மதிப்பீட்டாளர் அறிக்கையிலிருந்த அந்த எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். ஜீப்பின் ஆட்டத்தில் வட்டம் கோணிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த களப்பணிப் பெண் மடியிலிருந்த பதிவேட்டை மூடி வைத்தாள்.

பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு, குழந்தையின் வயதுக்கேற்ற ஆலோசனையை வாரம் ஒருமுறை ஃபோனில் சொல்லும் திட்டம் அது. பிறந்த தேதியைப் பதிந்துவிட்டால் போதும், கம்ப்யூட்டரே நாள் பார்த்து அழைக்கும். மறுபடி கேட்க வேண்டுமென்றால் அதே எண்ணுக்கு இலவசமாக அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

திட்டம் பிரமாதமாக வேலை செய்கிறது என்றது ஆய்வறிக்கை. அதை நம்பி இன்னும் ஏழு நாடுகளில் தொடங்கலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் மதிப்பீட்டாளர் வந்திருந்தார்.

"மத்தவங்க எல்லாம் ஒரு தடவை, மிஞ்சிப்போனா ரெண்டு தடவை கேக்குறாங்க. இந்த ஒரு நம்பரைத் தூக்கிட்டா உங்க சராசரியே படுத்துடும். இவங்களும் முதல் மூணு மாசம் எல்லாரையும் போலத்தான் இருந்திருக்காங்க. நாலாவது மாசத்துலேர்ந்து திடீர்னு எகிறுது. உங்க ஆபீஸ்ல யாராச்சும் வெட்டியா உக்காந்து பட்டனை அழுத்துனீங்களா?"

"இல்ல மேடம். அந்த அக்காதான் கேக்குறாங்க."

"உன்னைப் பாத்தா நல்ல பொண்ணாத்தான் தெரியுது. அதுக்காக விட்டுட மாட்டேன். பொய்ப் பதிவுன்னு தெரிஞ்சா இந்த நம்பரை நீக்கச் சொல்லிடுவேன். அப்புறம் அழைப்பும் போகாது, உன் வேலைக்கும் நான் பொறுப்பில்ல."

களப்பணிப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சின்ன வீடு. முன்னறையில் ஒரு தையல் மெஷின், அதைச் சுற்றிப் பாதி தைத்த பள்ளிப் பைகள். மெஷின் பலகையில், கை எட்டும் இடத்தில் ஃபோன். உள்ளறை வாசலில் ஒரு திரை தொங்கியது.

"வாங்கம்மா, உக்காருங்க." முப்பதைத் தொடாத அந்தப் பெண் பைகளை ஒதுக்கி முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"பாப்பா தூங்குறாளா?" மதிப்பீட்டாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவள் அதற்குள் தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டாள்.

திரும்பி வந்ததும் கேள்விகள் தொடங்கின.

"பாப்பாவுக்கு இப்ப எத்தனை மாசம்?"

"போன திங்கக்கிழமையோட ஏழு முடிஞ்சுதும்மா."

"என்ன ஊட்டணும்?"

"மசிச்ச காய், மசிச்ச பழம். முதல்ல ரெண்டு ஸ்பூன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். உப்பு, சர்க்கரை கூடாது."

"ஜுரம் வந்தா?"

இதற்கு மட்டும் பதில் தாமதமாக வந்தது. "காலைல பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. உடனே தூக்கிட்டு ஓடணும்."

பன்னிரண்டு கேள்விகளுக்கும் தப்பில்லாத பதில்கள். மதிப்பீட்டாளரின் முகம் இளகிவிட்டது.

"எங்க வீட்டு மருமக டாக்டருக்குப் படிச்சவ. அவகூட இவ்வளவு தெளிவா சொல்ல மாட்டா," என்று சிரித்தார். அறிக்கையில் போட்டிருந்த வட்டத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் 'நம்பத்தகுந்தது' என்று எழுதினார். "உன்மேல சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கம்மா," என்றார் களப்பணிப் பெண்ணிடம். பிறகு தாயிடம், "சரி, கடைசியா எடை அட்டையை மட்டும் காட்டுங்க."

பைகளுக்கு அடியிலிருந்து அட்டை வந்தது. முதல் மூன்று கட்டங்களில் எடை எழுதியிருந்தது. அதற்குப் பிறகு எல்லாமே காலி.

மதிப்பீட்டாளர் களப்பணிப் பெண்ணிடம் திரும்பினார். "நாலு மாசமா எடையே பாக்கலையா? இப்படிப்பட்ட தாய்க்கு இப்படி ஒரு களப்பணியாளரா?"

"தப்பு என்னோடதுதான் மேடம்." அவள் தலையைத் தூக்கவில்லை.

"அவளைத் திட்டாதீங்கம்மா. எழுத வேணாம்னு கெஞ்சினது நான்தான்."

"எடை குறைஞ்சா மறைக்கிறதா? மறைச்சா யாருக்கு நஷ்டம், உங்க பொண்ணுக்குத்தானே?" மதிப்பீட்டாளர் தன் பையிலிருந்து தொங்கு தராசை எடுத்தார். "போகட்டும். பாப்பாவைத் தூக்கிட்டு வாங்க, நானே பாத்துடறேன்."

யாரும் அசையவில்லை.

ஃபோன் அடித்தது. அந்தப் பெண் சட்டென்று பாய்ந்து எடுத்தாள். பதிவு செய்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வணக்கம் அம்மா. உங்கள் மகளுக்கு ஏழு மாதமும் ஒரு வாரமும் ஆகிறது. இப்போது அவள் பிடிமானம் இல்லாமல் உட்காரத் தொடங்குவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்."

குரல் ஓய்ந்தது. அவள் ஃபோனை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். களப்பணிப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நம்பரை மட்டும் எடுத்துடாதீங்கம்மா," என்றாள் அந்தத் தாய்.

மதிப்பீட்டாளர் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"இதுல மட்டும்தான் அவ வளர்றா."