எரிஞ்சாத்தான் கிரீம்

"அடியே போக்குவா! அந்தக் கடையில கிரீம் வாங்கினே, உன் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்!"

அன்சா போட்ட சத்தத்தில் கானா நாட்டுக் குமாசி நகரச் சந்தையின் அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது.

அன்சாவுக்குச் சவுரிமுடிக் கடை. அதை ஒட்டினாற்போல் ஃப்ரேமாவின் கிரீம் கடை. முகம் வெளுக்க யார் எதைக் கேட்டாலும் கலக்கிக் கொடுப்பதுதான் ஃப்ரேமாவின் பிழைப்பு. கூடப் பிறந்த தங்கையே அங்கே போய் நின்றால் வயிறு எரியாதா?

"சனிக்கிழமை கல்யாணம்க்கா. போட்டோவுல நான் பளிச்சுன்னு விழ வேண்டாமா?" போக்குவா நகர்வதாக இல்லை. "ஃப்ரேமாக்கா, வைட்டமின் சி-யும் போடுங்க, பெராக்சைடும் ஊத்துங்க. தனித்தனியாவே நல்லதுன்னா, சேர்த்தா டபுள் நல்லதுதானே?"

"நாசமாப் போச்சு! ரேடியோவுல டாக்டர் தலையில அடிச்சுக்கிறாரு. அது ரெண்டும் சேர்ந்தா ஃப்ரீ ராடிக்கல்னு ஒண்ணு கிளம்புமாம். கட்டையைத் தூக்கிட்டு வர்ற ரவுடிக் கூட்டம் மாதிரி தோலுக்குள்ள பூந்து, கண்டதையும் உடைச்சுப் போட்டுட்டுத்தான் அடங்குமாம்!"

"டாக்டருக்கா சனிக்கிழமை கல்யாணம்?"

ஃப்ரேமா வேலையில் இறங்கினாள். கிண்ணத்தில் ஷியாக் கொட்டை வெண்ணெயை வழித்துப் போட்டாள். வெள்ளைத் தூளைத் தூவினாள். பெராக்சைடு பாட்டிலைச் சாய்த்தாள். புஸ்ஸென்று நுரைத்தது. இன்னும் என்னவோ விட்டுக் கலக்கி நீட்டினாள்.

போக்குவா கன்னத்தில் துளி தடவிப் பார்த்தாள்.

"ஆ... அய்யோ... எரியுதே!" என்று குதித்தவள், கண்ணில் நீர் தளும்பச் சிரித்தாள். "இதுதான் மருந்து! எரியலைன்னா வேலை செய்யலைன்னு அர்த்தம்."

டப்பாவோடு ஓடியே போய்விட்டாள்.

அன்சாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கிரீம் கடைக்குள் புகுந்தாள்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையாடி? மணமேடையில என் தங்கச்சி மூஞ்சி வெந்து நின்னா, உனக்குச் சோறு இறங்குமா? குடு அந்தப் பாட்டிலை!"

இவள் இழுக்க, அவள் இழுக்க, மூடி தெறித்து அத்தனையும் அன்சாவின் மேல் கொட்டியது. சாயங்காலம் ஓர் இழவுக்குப் போவதற்காகக் கட்டிவந்த கறுப்புத் துணி.

"போச்சு! திட்டுத் திட்டா வெளுக்கப் போகுது!"

வெளுக்கவில்லை. உதறிப் பார்த்தாள், தேய்த்துப் பார்த்தாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. முகர்ந்து பார்த்தால் வினிகர் வாடை.

"என்னடி இது?"

"மெதுவாப் பேசுக்கா. தண்ணியில கொஞ்சம் வினிகர். தூள் வெறும் சமையல் சோடா."

"அப்ப அவளுக்கு எரிஞ்சது?"

"இஞ்சிச் சாறு. கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

"அடிப்பாவி! இத்தனை நாளா ஊரையே ஏமாத்தினியா? உண்மையைச் சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொல்லிப் பார்த்தேன்க்கா. 'உன் நிறத்துக்கு என்ன குறைச்சல், இதெல்லாம் வேணாம்'னு ஒவ்வொருத்திகிட்டயும் கெஞ்சினேன். எல்லாரும் நேரா எதிர்க்கடைக்குப் போனாங்க. அங்க இருக்கிறது நிஜ பெராக்சைடு." ஃப்ரேமா குனிந்து மூடியைப் பொறுக்கினாள். "அதுல ஒருத்தி இன்னமும் முகத்தை மூடிக்கிட்டுத்தான் வெளியே வர்றா."

தங்கையின் கன்னத்துக்கு ஒன்றும் ஆகாது என்பது அன்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் இன்னொரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இந்தக் கடை கிரீம் நல்லா எரியுமா? இல்ல, எதிர்க்கடையில வாங்கட்டுமா?"

ஃப்ரேமா பயத்தோடு அன்சாவைப் பார்த்தாள். பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று சந்தைக்கே உபதேசம் செய்கிறவள் அன்சா.

அன்சா எழுந்து இடுப்பில் கை வைத்தாள்.

"எதிர்க்கடையா? அங்க எல்லாம் வெறும் தண்ணிடி! எரிச்சல்னா இங்கதான் எரிச்சல். இப்பத்தான் என் தங்கச்சி குதிச்சுக்கிட்டே போறா!"