பதின்மூன்றேகால் அங்குலம்

அலியாரின் மேசையில் என் வருங்கால மருமகனின் சட்டையை விரித்துப் போட்டேன்.

“இதுதான் அளவு. இதுக்கேற்றபடி நான் தந்த துவக்கின்ட, தோளில வைக்கிற பிடங்கைச் செதுக்கும்.”

அலியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படை ஆயுதச்சாலையில் வேலை பார்த்தவர். அவர்கள் போன பிறகு உட்துறைமுக வீதியில் துவக்குத் திருத்தும் கடை போட்டிருந்தார்.

“அண்ணே, முப்பது வருசமா துவக்கோட கிடக்கிறன். சட்டையைக் கொண்டுவந்து துவக்குக்கு அளவு சொன்ன மனிசன் நீங்கதான்.”

“ரெண்டுக்கும் கையளவுதானே?”

“சட்டைக்குத் தோளில இருந்து மணிக்கட்டு. துவக்குக்கு முழங்கை மடிப்பில இருந்து விரல். ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க.”

அது ஏலாது. கலியாணத்துக்கு முன் மாமனார் போய் மாப்பிள்ளையின் கையை அளப்பதா? அவருடைய தையற்காரரிடம் கெஞ்சிச் சட்டையை வாங்கியதே எனக்குப் போதும்.

எங்கள் வீட்டு வழக்கம் தம்பலகாமம் ஊர் முழுவதற்கும் தெரியும். தாலி கட்ட வருகிறவர், வயற்பக்கமாகத் தொங்கவிட்ட தேங்காயை எங்கள் துவக்கால் உடைத்துவிட்டுத்தான் வாசற் படலைக்குள் கால் வைக்க வேண்டும். ஐந்து தோட்டா தருவோம். விசைக்குக் கீழே வளையம்போல ஒரு பிடி இருக்கிறது. அதை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். என் மாமனார் ஒரு துரையிடம் வாங்கிய துவக்கு. முப்பது வருடங்களுக்கு முன் நானும் அதே படலையில் நின்று தேங்காய் உடைத்தவன்.

என் மகள் குணேஸ்வரியைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்டதே, மாப்பிள்ளை துவக்குப் பிடிப்பாரா என்றுதான். தபால் கந்தோரில் வேலை பார்க்கும் சிவபாதம் பறக்கிற கொக்கையும் விழுத்துவார் என்றார் தரகர். அந்த ஒரு சொல்லுக்காக ஓம் என்றேன். பொய்யென்று தெரிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவேன் என்றும் அங்கேயே சொன்னேன்.

இன்னும் ஒன்பது நாள். மாமனாரின் தோளுக்குச் செய்த பிடங்கு சிவபாதத்தின் தோளில் பொருந்தாமல் குறி தவறினால், ஊர் சிரிக்கப்போவது அவரைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து.

“பன்னிரண்டரை அங்குலம் போடும்.”

“பதின்மூன்றேகால்,” என்றார் அலியார்.

“நீர் ஆளைக் கண்டதே இல்லையே.”

அவர் அரத்தை எடுத்து, ஏற்கனவே பளபளத்த ஓர் ஆணியை அராவத் தொடங்கினார்.

அப்போது பின்முற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டது. வளையப்பிடி இறங்கி ஏறுகிற சத்தம். உலகத்தில் எந்தத் துவக்குக்கும் அந்தக் கரகரப்பு இல்லை. என் துவக்கு!

தோட்டா இல்லாத வெறும் ‘டிக்’.

“இப்ப சரியோ?” என்றது ஓர் ஆண்குரல்.

“எங்க சரி? திரும்பவும் கண்ணை மூடிப்போட்டீங்கள்.”

இரண்டாவது குரல் என் மகளுடையது. இரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டுமென்று காலையில் தாயோடு பஸ் ஏறியவள்.

எழுந்தேன். அலியார் என் முன்னால் வந்து கதவை மறைத்தார்.

“கோவிக்காதீங்க அண்ணே. நீங்க துவக்கைத் தந்த நாளில இருந்து மாப்பிள்ளை தவறாம வாறார். முதல்நாள் துவக்கின்ட எந்தப் பக்கத்தைத் தோளில வைக்கிறது எண்டு கேட்ட மனிசன்.”

கலியாணத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே முற்றத்தில்! எங்கள் குடும்பத்தில் இப்படி நடந்ததில்லை. நடந்திருந்தாலும் வெளியே வந்ததில்லை.

“உங்கட அப்பா அறிஞ்சா எல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுவார்,” என்றார் உள்ளேயிருந்து சிவபாதம். “நானே போய்ச் சொல்லட்டோ? தரகர் சொன்னது பொய், ஆனா படிக்கிறன் எண்டு?”

“பேசாமல் நில்லுங்கோ. அப்பாவும் ரெண்டு கண்ணையும் மூடிக்கொண்டுதான் சுட்டவராம். அஞ்சாவது வெடிக்குத்தான் தேங்காய் உடைஞ்சதாம். அம்மாட்டக் கேளுங்கோ.”

ஒரு சிரிப்பு எழுந்தது. என் மனைவி புஷ்பவதியின் சிரிப்பு.

தாயும் கூட இருக்கிறாள். குடும்ப மானத்துக்கு அந்த அளவில் ஓர் ஆறுதல்.

நான் கண்ணை மூடவில்லை. வெயிலுக்குச் சற்றுச் சுருக்கினேன். அவ்வளவுதான்.

பிடி மறுபடியும் இறங்கி ஏறியது. இந்த முறை தடங்கவில்லை. ‘டிக்.’

“திறந்திருந்தது!” என்று கத்தினாள் என் மகள். “ரெண்டு கண்ணும் திறந்திருந்தது!”

அவள் அப்படிச் சந்தோஷமாகக் கத்தி நான் கேட்டதில்லை.

சட்டையை மடித்தேன்.

“பதின்மூன்றேகாலே இருக்கட்டும்,” என்றேன் தணிந்த குரலில். “குழல் நுனியில, குறி பார்க்கிற இடத்தில, ஒரு பித்தளை மணியும் வையும். காலை வெயில் முகத்தில அடிக்கும்.”

“எவ்வளவு பெரிசு?”

“மிளகளவு. இல்லை, கடலையளவு.”

“அவ்வளவு பெரிசா வைச்சா ஊர் என்ன சொல்லும், அண்ணே?”

“அது எங்கட வீட்டு வழக்கமெண்டு சொல்லும். நான் இண்டைக்கு இஞ்ச வரயில்லை.”

தாயும் மகளும் ஒன்றரை மணி பஸ்ஸில் திரும்புவார்கள். நான் அதில் ஏறாமல் விட்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையின் கடைசிக் கதிரையில், பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்தபடி இருந்தேன். ஒளிந்திருக்கவில்லை. தேத்தண்ணி சூடாக இருந்தது.

பஸ் புறப்பட்டுப் போன சத்தம் கேட்டபின் பத்திரிகையை இறக்கினேன்.

முன்னால் ஒரு தட்டில் இரண்டு வடை இருந்தன. நான் கேட்கவில்லை.

“உங்கட வீட்டு அம்மா பஸ் ஏறமுதல் சொல்லிப்போட்டுப் போனவ,” என்றார் கடைக்காரர். “அடுத்த பஸ்ஸுக்கு நேரம் கிடக்காம். ஐயாவைப் பசியோட இருக்க விட வேண்டாமாம்.”