மார்ச் வாசல்

"உனக்கென்ன விசரோ?" கனகசபை கத்திய கத்து டென்மார்க்கின் டோஸ்ட்ருப் அடுக்குமாடியின் மேல்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். "மெடிசினுக்கு விண்ணப்பம் போட மார்ச்சிலை ஒருக்கா, யூலையிலை ஒருக்கா எண்டு ரெண்டு வாசல் வைச்சிருக்கிறாங்கள். ஒண்டை நீயே இழுத்து மூடுறாய்."

சாரங்கிக்கு ஜிம்னேசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் இதுதான் கடைசி வருடம். அவளும் குரலைக் குறைக்கவில்லை.

"மார்ச்சிலை போட்டால் தனியா ஒரு சோதினை எழுதவேணும், அப்பா. யூலையிலை புள்ளியை மட்டும்தான் பாப்பினம். எனக்குப் புள்ளி காணும்."

"காணும் எண்டுதான் பக்கத்து வீட்டுப் பிரதீபனும் இருந்தவன். இப்ப கிடங்கிலை பெட்டி அடுக்கிறான்."

இது என் வாழ்க்கை என்று டேனிஷில் சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

அன்றுதான் கடைசி நாள். நண்பகலோடு விண்ணப்பம் மூடிவிடும். கனகசபைக்குத் தலை கொதித்தது. பிள்ளைக்குப் புத்தியில்லை என்றால் பெற்றவர் சும்மா இருப்பாரா? கணினியைத் திறந்து உட்கார்ந்தார்.

வரி கட்டவும் வங்கிக்கும் பழகிய கைதானே. தன் கைபேசியிலிருந்த அரசாங்க அடையாளச் செயலியை விரலால் இழுத்து உள்ளே நுழைந்தார். வீட்டு முகவரிகூடத் தானாக வந்து நின்றது. கேட்ட இடமெல்லாம் அழுத்தினார்.

"கண்ணாடியைப் போட்டு வடிவா ஒருக்கா வாசியுங்கோவன்," என்றாள் மனைவி சரோஜினிதேவி. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு சும்மாவே சொன்னவை?"

"நீ பேசாமல் இரு." அனுப்பிவிட்டார். மகளிடம் மூச்சும் விடவில்லை.

சில நாள் கழித்து, மூவரும் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கைபேசி கிணுகிணுத்தது. எட்டிப் பார்த்தவருக்கு முகமெல்லாம் பல். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நான்தான் போட்டனான். சோதினைக்குக் கூப்பிட்டிட்டாங்கள். இப்ப சொல்லு, ஆருக்கு விசர்?"

சாரங்கி கையிலிருந்த கரண்டியை மேசையில் எறிந்தாள். "என்னைக் கேக்காமல் போட்டனீங்களோ? நான் என்ன சின்னப்பிள்ளையோ? எழுதமாட்டன். என்ன செய்யிறியள் பாப்பம்."

கைபேசியைப் பறித்து வாசித்தாள். மறுபடியும் மேலிருந்து வாசித்தாள். பிறகு அதை அப்பாவின் கோப்பைக்குப் பக்கத்தில் நங்கென்று வைத்தாள்.

"சாப்பிட்டிட்டுப் போய்ப் படியுங்கோ, அப்பா. உங்களைத்தான் கூப்பிட்டிருக்கினம்."