கன்னத்தில் ஏழு வட்டம்

பஸ் டிரைவர் அக்கா முகத்தில் சுற்றியிருந்த துணியை இன்னும் அவிழ்க்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த தோல் கிளினிக்கின் லேசர் நர்ஸ் அதன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரத்துக்கு முன்பு இதே நாற்காலியில்தான் அக்காவுக்குக் கன்னத்து முடியை லேசரால் எடுத்தாள். ஒவ்வொரு தடவை ஒளி விழும் முன்னும், தோல் வெந்துவிடாமல் இருக்க, மெஷின் குளிர்வாயுவைப் பீச்சும். அன்று அந்தச் சீறல் கொஞ்சம் நீண்டதுபோல் காதில் பட்டது. வெளியே ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

துணி இறங்கியது.

அக்கா நேற்று போனில் அனுப்பிய படத்தைவிட மோசம். பொத்தான் அளவில் ஏழு கறுப்பு வட்டங்கள், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கிளினிக் டாக்டர் நர்ஸிடம் சொல்லிவைத்திருந்தார். டிரைவர் வேலை, வெயில் பட்டிருக்கும் என்று சொன்னால் போதும், அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்று. வழியெல்லாம் அதையே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

அக்கா முந்திக்கொண்டாள்.

"தப்பு என்மேலதான் சிஸ்டர். வெயில்ல போகாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னீங்க. ஜன்னலோரம் வெயில் அடிச்சுக்கிட்டே இருக்கு, நான் எங்க போவேன்?"

பதினோரு வருடம் ஓட்டிய வண்டி இனி வேண்டாம், ஆபீஸுக்குள் ஏதாவது வேலை கொடுங்கள் என்று கடிதம் எழுதி முடித்துவிட்டாளாம். இங்கிருந்து நேரே டெப்போவுக்குப் போய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதோடு தீர்ந்தது. நர்ஸின் வேலையும் தப்பும்.

நர்ஸ் எழுந்து கதவைச் சாத்தினாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள்.

மூன்று வட்டங்கள். அதே அளவு.

"வெயில் இல்லக்கா. மெஷினோட குளிர்தான் சுட்டிருக்கு. சந்தேகமா இருந்துச்சு. அன்னைக்கு நீங்க போனதும் என் கையிலேயே வச்சுப் பார்த்தேன்."

அக்கா அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஓரமெல்லாம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. தடவிப் பார்த்தாள். போய்விடும். ஆறு வாரத்தில் முதல்முறையாக அவள் முகம் இளகியது.

எத்தனையாவது நாள் கறுத்தது என்று கேட்டாள்.

நாலாம் நாள் என்றாள் நர்ஸ்.

அக்கா மெல்லக் கையை விட்டாள்.

"அப்ப இத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்."