மெத்தென்ற நுனி

கிளப் அணியில் ஒரே ஓர் இடம்தான் மீதமிருந்தது. அதற்காக, மேசையில் கோலால் பந்தடித்துக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் ரெஜினாவும் அவள் கணவன் அமல்தாஸும் மோத வேண்டியிருந்தது. அன்று காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள், இருவருடைய கோல்களின் முனையிலும் அவன் புதிய தோல் நுனியை ஒட்டி வைத்திருந்தான்.

"உனக்கு மெத்துனு இருக்கறத போட்டிருக்கேன். பந்து நல்லா சுழலும். எனக்குக் கெட்டியானது."

"நான் கேக்கவே இல்லையேங்க?"

"பழசு தேஞ்சு போச்சே. பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனால், 'வீட்டுல ஒருத்தர் ஆடினா போதாதா?' என்று போன மாதம் கேட்டவனும் அவன்தான். ரெஜினா தன் கோலின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். லேசாக அமுங்கியது. ஓங்கி அடிப்பதுதான் அவளுடைய பலம். அந்த வேகத்தையெல்லாம் இது குடித்துவிடும் என்று தோன்றியது. அவன் கோலின் நுனி கல்லாக இருந்தது.

கிளப்பில் நடுவர் பந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கையை நீட்டினாள்.

"உங்க கோலைக் குடுங்க. நீங்க இதுல ஆடுங்க."

மறுப்பான், ஏன் என்றாவது கேட்பான் என்று நினைத்தாள். அவன் உடனே கொடுத்துவிட்டான். அவளுடையதை வாங்கிக்கொண்டு அதன் நுனியில் சாக்கட்டியை நிதானமாகத் தேய்த்தான்.

"முதல் அடி உன்னுது, ரெஜி."

அவள் குனிந்து வெள்ளைப் பந்தைக் குறிபார்த்தாள். நான் மாற்றிக் கேட்பேன் என்று தெரிந்தேதான், அவனுக்கு வேண்டியதை என் கோலில் ஒட்டினானோ? பின்னுக்கு இழுத்த கோல் அங்கேயே நின்றது.

"ஆடும்மா," என்றார் நடுவர்.