காலியாக் கிடந்த எடம்

வெங்காயத்துத் தாளை அறுத்து அறுத்துக் கூடையில போட்டுக்கிட்டிருந்தேன். பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு மூட்டை முடிக்கணும்.

நாலாவது படிக்கிற என் மக ஆர்த்தி, பையைக்கூட இறக்காம வந்து நின்னா.

"அம்மா, நான் இனிமே பாட்டு கிளாஸுக்குப் போகல."

"ஏன்டி?"

"டீச்சர் என்னை மட்டும் மூலைக்கு மாத்திட்டாங்க. ஒருத்தி பாடுனா ஜோடி தாளம் போடணும். எனக்குத் தாளம் போட ஆளே இல்ல. அரியலூர் போட்டிக்கும் ஜோடியாத்தான் போவணுமாம்."

கத்தியைக் கீழ வெச்சேன்.

பக்கத்துல அறுத்துக்கிட்டிருந்த வேணி அக்கா சிரிச்சாங்க. "நான் அன்னைக்கே சொன்னேன்ல? சங்கீதம்லாம் அவங்க வூட்டுச் சொத்து. வெங்காயம் அறுக்கிறவ புள்ளையைக் கூடத்துக்குள்ள விட்டதே பெருசு. நடுவுல வேற உக்கார வைப்பாங்களா?"

"அந்த டீச்சர் அப்படி இல்லக்கா."

"இல்லையா? அப்புறம் எதுக்குடி மூலை?"

முதல் நாள் டீச்சர், "நல்ல குரல்மா"ன்னு சொன்னாங்களே, அதுவும் சும்மாவா? எனக்குத் தண்ணி குடுத்த டம்ளரைத் தனியா எடுத்து வெச்சாங்களோ? ராத்திரி பூரா அந்த டம்ளரே கண்ணுக்குள்ள நின்னுச்சு.

நான் அஞ்சாவதோட நின்னவ. படிச்சவங்க முன்னாடி நாக்கு எழும்பாது. போன மாசம் டீச்சர்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்றதுக்கு, மூணு தடவை போனை அடிச்சு அடிச்சுக் கட் பண்ணினவ நான். ஆனா இப்ப என் புள்ள அழுவுறா.

சனிக்கிழமை ஆர்த்தியைக் கூட்டிக்கிட்டு வாலிகண்டபுரத்துல பஸ் ஏறினேன்.

பெரம்பலூர்ல அனுசுயா டீச்சர் வூட்டுக் கூடம். ஆர்த்தியை உள்ள அனுப்பிட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். எல்லாம் ஜோடி ஜோடியா உக்காந்திருந்துச்சு. நடுவுல ஒரு புள்ள பக்கத்துல எடம் காலியாவே கிடக்கு. அப்படியும் என் புள்ள மூலையில! தன் தொடையில தானே தட்டிக்கிட்டுப் பாடுறா. பாட்டைப் புடிச்சா தாளம் விட்டுப் போவுது, தாளத்தைப் புடிச்சா பாட்டு விட்டுப் போவுது.

நேரா உள்ள போயிட்டேன்.

"டீச்சர்... எடம்தான் காலியா இருக்கே. என் புள்ளைக்கு மட்டும் ஏன் மூலை? நாங்க வெங்காயம் அறுக்கிறவங்கன்னுதானா?"

டீச்சர் என்னைத் தனியா ஓரமாக் கூட்டிப் போனாங்க. குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க.

"அது நஸ்ரின் பக்கத்து எடம். லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து வர்ற புள்ள. ரெண்டு பேரு குரலும் அவ்வளவு அழகா சேருதேன்னுதான் ஜோடி போட்டேன். அந்தப் புள்ள பக்கத்துல ஆர்த்தி வேணாம், வூட்டுல பேசுவாங்கன்னு போன் பண்ணினீங்களேம்மா? வேணாம்னு சொன்னவங்க புள்ளையைத்தானே நான் எழுப்ப முடியும்?"

எழுப்புனா அந்தப் புள்ளையைத்தான் எழுப்புவாங்கன்னு நான் நெனச்சிருந்தேன்.

வெளிய வந்தேன். வராந்தா பெஞ்சுல பர்தா போட்ட ஒரு அம்மா. என்னைப் பாத்ததும் சட்டுனு நகந்து எடம் விட்டாங்க.

"உக்காருங்க தங்கச்சி. ஆர்த்தி அம்மாதானே? நான் நஸ்ரினோட உம்மா."

உக்காந்தேன்.

"ஆர்த்தியை ஏன் மூலையில வெச்சிருக்காங்கன்னு எம்புள்ள தெனம் கேட்டு அழுவுது. எனக்கே மனசு கேக்கல. அதான் டீச்சர்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன். பச்சப்புள்ளைங்களைப் போயி யாருங்க இப்படிப் பிரிக்கச் சொன்னது?"

வெங்காய வாடை அடிக்கிற கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டேன்.

"அக்கா... அது வந்து... பிரிக்கச் சொன்னது நா..."

"அம்மா!" உள்ளேர்ந்து ஆர்த்தி கூப்பிட்டா. "நஸ்ரின்கூட உக்காரவான்னு டீச்சர் உன்னைக் கேக்கச் சொல்றாங்க. சீக்கிரம் வா!"